ஒன்றரை அங்குல முடி

ஜெர்மனியிலிருந்து வந்த புகைப்படத்தில் அந்த முடி கப்பல் கயிறு மாதிரி இருந்தது. நீலக் கையுறையின் மேல் கறுப்பாக, லேசாக வளைந்து கிடந்தது. பக்கத்தில் அளவுகோல் வேறு வைத்திருந்தார்கள். மூன்றே முக்கால் சென்டிமீட்டர். நம் கணக்கில் ஒன்றரை அங்குலம். காலைக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்டிய தம்பிமுத்து சார் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறவர் அல்ல. தரக் கட்டுப்பாட்டு மேலாளர். அப்பா, தாத்தா காலத்திலிருந்து சர்க்கார் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். குரலே உயராது. “பெட்டியில இருக்கிற எண்ணைப் பார்த்தால் காலை ஷிப்ட், ஏழாம் பெஞ்சு” என்று சொல்லிவிட்டுத் தன் பேனாவைப் பார்த்தார். நாற்பது பேரும் என் மணிக்கட்டைப் பார்த்தார்கள். ஏழாம் பெஞ்சு நான்.

“என்னாலா கோகிலா, ஜெர்மன்காரனுக்கு உன் சாமானையும் சேத்து அனுப்பிட்டியா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த விஷயத்தில் எனக்கு முப்பது வருட அனுபவம். குயிலின் பெயரை வைத்துவிட்டு உடம்பைக் கரடியிடம் வாங்கிக் கொடுத்த பெற்றோருக்குப் பிறந்தவன் வேறென்ன செய்வான்? சுங்கை சிப்புட் பள்ளிக்கூடத்தில் கரடி, கால்பந்துத் திடலில் கரடி, கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் கோகிலன். என் மனைவி புனிதாவுக்கு ஒரு பழைய வசனம் உண்டு. “எங்கம்மா கேட்டாங்க, மாப்பிள்ளைக்குச் சொத்து இருக்கான்னு. சொந்தமா ஒரு காடே இருக்குன்னு நான்தான் சொன்னேன்.” விருந்துக்கு வருகிறவர்களிடம் அவள் இதைச் சொல்லும்போது நான் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிக் காட்டுவேன். நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்துகிற கடை அது.

ஆனால் அன்று காலை சிரித்து முடித்த பிறகும் பார்வைகள் மணிக்கட்டை விட்டு நகரவில்லை. கிலாங் என்று நாங்கள் சொல்கிற எங்கள் தொழிற்சாலை, மலேசியாவில் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மருத்துவர்கள் போடுகிற கையுறை. என் பாட்டன் ரப்பர் மரம் சீவினார், நான் ரப்பரை நூறு நூறாக எண்ணிப் பெட்டியில் வைக்கிறேன். பீங்கான் கைகள் பிரஷ்ஷில் கழுவப்பட்டு, வரிசையாக ரப்பர் பால் தொட்டியில் முங்கி எழும். அவற்றின் மேல் படிந்ததை உரித்துக் காற்றூதி, விளக்கின் கீழே பார்த்து, பெட்டிக்குள் அடுக்குவது எங்கள் வேலை. ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, ஷிப்ட், பெஞ்சு எண் அச்சாகியிருக்கும். உலகத்தின் எந்த மூலையில் எந்த நர்ஸ் பெட்டியைத் திறந்து முகம் சுளித்தாலும், சுளிப்பு நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்து சேரும். இன்னொரு முடி வந்தால் ஏழாம் பெஞ்சுக்காரன் ஸ்டோருக்குப் போவான், அங்கே பெட்டி தூக்குவான் என்பது அன்று மதியம் கேன்டீனில் முடிவாகிவிட்டது. என்னைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எட்டாம் பெஞ்சு விமலா அக்கா மட்டும்தான். மறுநாள் பழைய காலுறையின் காலை வெட்டி, ஓரம் தைத்து, முன்கையை மூடுகிற இரண்டு உறைகள் கொண்டுவந்து கொடுத்தார். “உள்ள போட்டுக்க. ஒண்ணும் வெளிய வராது” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

முதலில் சவரம் செய்து பார்த்தேன். மூன்றாம் நாள் கை தேங்காய் மட்டையாகிவிட்டது. முளைத்த முள் உறையைத் தாண்டி வந்து கையுறையைக் கொக்கி போட்டு இழுத்தது. இதற்கு ஒரே வழி வேரோடு முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். நான் வாழ்க்கையில் தீர்மானித்த காரியங்கள் குறைவு. கல்யாணம்கூடப் புனிதா தீர்மானித்தது.

“ஆம்பளைக்கு எதுக்குலா லேசரு? முடி இல்லாத ஆம்பளைய எங்க வீட்டுல நம்ப மாட்டாங்க” என்றாள்.

“முடி இருக்கற ஆம்பளைய கிலாங்ல நம்ப மாட்டேங்கறாங்க.”

அவள் கொஞ்ச நேரம் என் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். “கை மட்டும்தானே? நெஞ்சுல வைக்கக் கூடாது. அது என் பங்கு” என்றாள். ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஈப்போ கிரீன்டவுனில் ஒரு கடைவரிசையின் முதல் மாடியில் லேசர் நிலையம். கீழே கண்ணாடிக் கடை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வெயிலுக்காக முன்பின்னாகப் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றாமலே படியேறினேன். உள்ளே காத்திருந்த நான்கு பெண்களும் மனைவியைக் கூட்டிப்போக வந்தவன் என்று நினைத்து இடம் விட்டார்கள். மிஸ் லியோங் என்கிற அந்தப் பெண் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலாயிலே விளக்கினார். கறுத்த தோலுக்கு வேறு இயந்திரம், ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவையாவது. ஒவ்வொரு முறையும் முதல் நாள் சவரம் செய்துவிட்டு வர வேண்டும்; பிடுங்கக் கூடாது, வேர் இருந்தால்தான் லேசர் அதைத் தேடிப் போகும். வெயில் கூடாது. நூற்றுக்கு நூறு போகாது, ஆனால் முளைக்கிறது பூனைமுடியாகத்தான் இருக்கும். வலிக்குமா என்று கேட்டேன். ரப்பர் வளையத்தை இழுத்து அடித்த மாதிரி இருக்கும் என்றார். ரப்பர் எங்கள் குடும்பத்தை விடுவதாக இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். மார்ச், மே, ஜூன். ஆடி மாதம் மட்டும் ஒரு தவறு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்து மஞ்சள் நீர் விளையாட்டு. ஆளாளுக்கு வாளியோடு துரத்தினோம். புனிதா கரைக்காத மஞ்சளை என் இரண்டு கையிலும் அப்பிவிட்டாள். திங்கட்கிழமை சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுத்தபோது மிஸ் லியோங் இரண்டடி பின்னால் போய், “அபாங், சாகிட் கூனிங் கா?” என்றார். அண்ணனுக்கு மஞ்சள் காமாலை என்று நினைத்துவிட்டார். அம்மன், திருவிழா, வாளி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, லேசருக்கு அம்மன் தெரியாது, நிறம்தான் தெரியும், இந்த மஞ்சளோடு அடித்தால் தோல் வெந்துவிடும் என்று திருப்பி அனுப்பினார். இரண்டு வாரம் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரே வாரத்தில் இரண்டு பேர் கையைக் கேட்டார்கள், அம்மன் முந்திக்கொண்டாள், என்ன செய்வது?

செப்டம்பரில் என் கைகள் அந்தப் பீங்கான் கைகளைப் போல ஆகிவிட்டன. சட்டையைக் கழற்றினால் கையில்லாத கம்பளிச் சட்டை போட்டவன் மாதிரி இருக்கும், அது வேறு விஷயம். தொழிற்சாலையில் நான் சும்மா இருக்கவில்லை. கேன்டீனில் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். “இனிமே முடி வந்தா என்னை யாரும் பாக்க முடியாதுலா” என்று பெஞ்சு பெஞ்சாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இது தம்பிமுத்து சார் காதுக்கும் போனது. காலைக் கூட்டத்தில், “கோகிலன் எடுத்துக்கொண்ட பொறுப்பை நான் மதிக்கிறேன்” என்றார். அடுத்த வாரத்திலிருந்து வாசலில் ஒரு பழக்கம் வந்தது. தலைமுடி வலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பெண், எல்லோருடைய சட்டைக் கையையும் மடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே விடுவாள். “தோட்டத்துல காலைல ஆளெடுக்கற பெரட்டுல எங்கம்மாவோட ரப்பர்ப் பால் வாளியத்தான் பாத்தாங்க, கையப் பாக்கல” என்று விமலா அக்கா முணுமுணுத்தார். அவள் சொல்வதற்கு முன்பே நான் மடித்துக் காட்டினேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அனுப்புவதற்கு முன் எடுத்த சோதனையில் இரண்டாவது முடி கிடைத்தது. அதே கறுப்பு, அதே வளைவு, அதே நீளம். எட்டாம் பெஞ்சு.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நாற்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. விமலா அக்காவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கருமையாக மெல்லிய முடி உண்டு. இருபது வருடமாகப் பக்கத்தில் நிற்கிறேன், கவனித்ததில்லை. இந்த ஒரு மாதமாக எல்லோருக்கும் கைகளைக் கவனிக்கத் தெரிந்திருந்தது. நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்த பிறகும் ஒரு நொடி பார்த்தேன். அக்கா அவசரமில்லாமல் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மதியம் கேன்டீனில் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“நீயும் பாத்தேல்ல.”

“பாத்தேன்க்கா.”

“ம். ஸ்டோருக்குப் போகச் சொல்றாங்க. இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் எங்க பெட்டி தூக்கறது” என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. என்னையும் அந்தச் சீனப் பொண்ணுகிட்ட கூட்டிட்டுப் போறியா? ஆறு மாசம் ஏழு மாசம் ஆகும்ல. சார் காத்திருப்பாரான்னு கேட்டுச் சொல்லு.”

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். எழுந்து நேராகத் தம்பிமுத்து சார் அறைக்குப் போனேன்.

“சார், பெட்டி நம்பர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றேன். “ஒருத்தர் ஒண்ணுக்குப் போனா பக்கத்து பெஞ்சு ஆள் ரெண்டையும் பாத்துக்குவாங்க. லைன் நிக்கக் கூடாதுல்ல. எல்லாரும் செய்றதுதான். உங்களுக்குத்தான் தெரியாது.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “இது விதிமீறல் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் சார். எச்சரிக்கைக் கடிதம் குடுங்க, வாங்கிக்கறேன்.”

“அது பிறகு. நீங்கள் சொல்லுறபடி பார்த்தால், பெப்ரவரியில ஏழாம் பெஞ்சில வந்த முடியும் விமலாவினுடையதாக இருக்கலாம்.”

உதவி செய்யப் போய் அக்காவின் தலையில் இன்னொரு முடியையும் கட்டிவிட்டேன். வெளியே போய்விடலாம் என்று கால் சொன்னது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கேட்காமல் அந்த அறையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

“இது முடிதான்னு யார் சார் சொன்னது?”

அவர் நிமிர்ந்தார்.

“பீங்கான் கைகளக் கழுவற பிரஷ் இருக்கு. கறுப்பு நைலான் பிரஷ். போன வருசக் கடைசியில புதுசா மாத்தினாங்க. நம்ம யாரும் அதப் பாக்கல. ஏன்னா பிரஷ்சுக்குப் பேரு கிடையாது சார், பெஞ்சு நம்பரும் கிடையாது. கோலாலம்பூர் லேப்புக்கு அனுப்புங்க, பாத்துச் சொல்லட்டும்.”

“இரண்டு கிழமை, பதினாலு நாள் ஆகும். வியாழக்கிழமை தணிக்கைக்கு வருகிறார்கள். அதற்கு முதல் நான் ஒரு நடவடிக்கை எழுதிக் காட்ட வேண்டும்.”

“அப்ப கொளுத்திப் பாப்போம். பிரஷ்னா உருகி உருண்டையாயிடும். முடின்னா நாறும். இந்த வருசம் அஞ்சு தடவை என் முடி எரிஞ்ச நாத்தத்த மோந்திருக்கேன். இந்த கிலாங்ல என் மூக்கவிட நல்ல மூக்கு உங்களுக்குக் கிடைக்காது.”

அவர் சிரிக்கவில்லை. சின்னப் பிளாஸ்டிக் பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். “முடியாக இருந்தால்?”

“அக்காகிட்ட கேக்கணும் சார். போறது அவங்க வேலை” என்றேன்.

அவரே எழுந்து வந்தார். எட்டாம் பெஞ்சருகே நின்று, எதையும் மறைக்காமல், எரித்தால் என்ன தெரியும், முடி என்று தெரிந்தால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னார். விமலா அக்கா கையிலிருந்த நூறையும் எண்ணி முடித்துப் பெட்டியை மூடினார். “எங்க கொளுத்தலாம்?” என்று கேட்டார்.

தொழிற்சாலைக்குள் நெருப்பு ஆகாது. தொழிலாளர் பஸ் நிற்கிற கொட்டகைக்குப் பின்னால் போனோம். பாதுகாவலரிடம் லைட்டர் இரவல் வாங்கினேன். சார் கவனமான மனிதர், கத்தரிக்கோல் கொண்டுவந்திருந்தார். பாதியை வெட்டிப் பையிலேயே வைத்து மூடினார், கோப்புக்கு. மீதி முக்கால் அங்குலத்தைச் சாமணம் என்கிற சின்ன இடுக்கியின் நுனியில் பிடித்துக்கொண்டார். நல்ல வெயில். மலைப்பக்கமிருந்து காற்று. நான் மூன்று தடவை தட்டினேன், மூன்று தடவையும் அணைந்தது.

“தள்ளுலா” என்றார் அக்கா. சட்டைக் கையை முதலில் வலது, பிறகு இடது என்று முழங்கைக்கு மேலே ஏற்றி மடித்துவிட்டார். கிட்டே வந்து, காற்றுக்கு மறைப்பாக இரண்டு உள்ளங்கைகளையும் குவித்தார். நான் மறுபடி தட்டினேன். சுடர் ஒருமுறை குனிந்து நிமிர்ந்து நின்றது. அந்தக் கிண்ணத்துக்குள் சாமணத்தின் நுனி மெல்ல இறங்கியது. மூன்று பேரும் மூச்சை இழுத்துக்கொண்டு குனிந்தோம். அக்காவின் முன்கையில் இருந்த முடி ஒவ்வொன்றும், அந்தச் சின்ன நெருப்பில், பொன்னிறமாகத் தனித்தனியே எழுந்து நின்றது.