நானூற்று முப்பது கலோரி

நர்ஸ் முன்னாலேயே என் புருஷன் ஹார்லனைப் பொய்யன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? எடை மெஷின் இருநூற்று எண்பத்தொன்பது பவுண்டு காட்டியது. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே மெஷினில் இருநூற்று எண்பத்துநான்கு. இருநூற்று அறுபதுக்கு இறங்கினால்தான் முழங்காலில் கத்தி வைப்பேன் என்று டாக்டர் அன்றைக்கே கறாராகச் சொல்லியிருந்தார். அவனுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய் வருவதற்குள் வேர்த்துக் கொட்டும். இன்றைக்குத் தேறாவிட்டால் ஆபரேஷன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டார்கள். இனிமேல் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள் அந்தப் பெண். அதற்குள் சக்கர நாற்காலி வந்துவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

வீட்டில் நான் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, சாயங்காலம் வேகவைத்த பீன்ஸும் கோழியும். மத்தியானம் மட்டும் என் கையில் இல்லை. நான் பள்ளிக்கூட ஆபீசில் இருப்பேன். அவனோடு வெல்டிங் வேலை பார்த்த பழைய கூட்டாளிகள் டிரக்கில் வந்து அவனை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்து டெல்பர்ட் சாப்பாட்டுக் கடைக்குப் போவார்கள். சாலட்தான் சாப்பிட்டேன் என்று தினமும் சத்தியம் செய்வான். நான் ஒரு நாளும் நம்பவில்லை. அவன் கோட்டுப் பை, கராஜ் அலமாரி, கட்டிலுக்கு அடியில் என்று எல்லா இடத்தையும் துழாவினேன். ஒரு மிட்டாய்க் காகிதம்கூட அகப்படவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. திருட்டில் கைதேர்ந்துவிட்டான் என்று நினைத்தேன்.

காரில் ஏறியதும் மறுபடி ஆரம்பித்தேன். “மூணு மாசமா என் காதுல பூ சுத்தியிருக்கே. காலு உன்னோடதா, என்னோடதா?”

“டெல்பர்ட் கடைக்கு விடு,” என்றான் ஹார்லன். “நான் திங்கறத உன் கண்ணாலயே பாரு.”

கடையில் பரிமாறுகிற ராண்டா அவனைப் பார்த்ததும் மேஜையைத் துடைத்தாள். அவள் எங்கள் மகளைவிடச் சின்னவள், ஆனால் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். “வா கண்ணு. வழக்கமா திங்கறதுதானே?”

“இவன் வேற என்னெல்லாம் திம்பான்? மறைக்காம சொல்லு,” என்றேன்.

“எதையும் தொட மாட்டாரு, கண்ணு. கூட வர்றவனுங்க சுத்தி உக்காந்து மாட்டுக்கறி ஸ்டேக்கு வெட்டுவானுங்க. இவரு தலையைக் குனிஞ்சுகிட்டு இலையை மெல்லுவாரு. பாவமா இருக்கும்.”

சாலட் வந்தது. கிண்ணமா அது? எங்கள் நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுகிற பேசின். அடியில் கொஞ்சம் இலை. மேலே மாவில் தோய்த்துப் பொரித்த கோழி, கை நிறையச் சீஸ், பன்றி வறுவல், சர்க்கரைப் பாகில் புரட்டிய கொட்டைகள். பக்கத்தில் வெண்ணெய் மினுங்கும் இரண்டு ரொட்டி. ரான்ச் என்கிற அந்த வெள்ளைச் சாறு சூப் குடிக்கும் கோப்பையில் வந்தது. ஹார்லன் அதை முழுசாக ஊற்றிக் கிளறி, கடைசித் துணுக்குவரை தின்று, ரொட்டியால் பேசினை வழித்துத் துடைத்தான். தட்டில் மிச்சம் வைத்தால் அவன் அம்மா மேஜையை விட்டு எழுந்திருக்க விடமாட்டாளாம். எங்கள் ஊரில் எல்லோருமே அப்படி வளர்ந்தவர்கள்தான்.

“நானூத்தி முப்பது கலோரி,” என்று மெனுவைத் தட்டிக் காட்டினான். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலைப் படம். “அவனே போட்டிருக்கான் பாரு.”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தின் அடிவரை படித்தேன். எறும்பு எழுத்தில் இருந்தது: கணக்கு ஒரு பங்குக்கு, கிண்ணத்தில் இரண்டு பங்கு, கோழி, சீஸ், ரான்ச், ரொட்டி சேர்க்கப்படவில்லை.

“டெல்பர்ட்டைக் கூப்பிடு,” என்றேன்.

கடைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “எல்லாம் சேத்து எவ்வளவு?” என்று கேட்டேன்.

பிடரியைத் தேய்த்தான். “ஆயிரத்தெண்ணூறு இருக்கும். கீழ எழுதித்தானேம்மா இருக்கு?”

“மேல யானை மாதிரி ஒரு எண்ணு, கீழ எறும்பு மாதிரி உண்மை. வெக்கமா இல்ல?”

“கிண்ணத்தைச் சின்னதா வெச்சா ஒருத்தனும் திரும்பி வரமாட்டான். நான் யாருக்கும் ஊட்டி விடலியே.”

“அந்த இலைப் படத்தைக் கிழிச்சுட்டு மண்டை ஓடு போட்டு வை. இவன் காலை நீதான்டா முறிச்சே.”

கடையே திரும்பிப் பார்த்தது. ஹார்லன் டெல்பர்ட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“தினம் சாயங்காலம் பசி வயித்தைக் கிள்ளும், வெர்னா. நீ திட்டுவேன்னு ஃபிரிட்ஜ் பக்கமே போனதில்ல. தண்ணியைக் குடிச்சுட்டு உக்காந்திருப்பேன். அந்த நர்ஸ் பொண்ணு முன்னாடி என்னை என்னன்னு சொன்னே?”

“எனக்கெப்படித் தெரியும்? மெஷின்ல ஏறியிருந்துச்சே.”

“மெஷின் என்னைப் பொய்யன்னு சொல்லல.”

மன்னித்துவிடு என்கிற வார்த்தை தொண்டைவரை வந்தது. பாழாய்ப்போன திமிர் எனக்கு. அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு டெல்பர்ட்டையே மறுபடி பிடித்துக்கொண்டேன். சுகாதார ஆபீசுக்கு எழுதுவேன், பேப்பரில் போடுவேன் என்று கத்தினேன். அவன் ராண்டாவுக்குக் கண் காட்டினான். இந்த மாதிரிக் கடைகளில் யாராவது சத்தம் போட்டால் ‘பை’ என்கிற, பழம் அடைத்த இனிப்புப் பலகாரத்தை இலவசமாகக் கொண்டுவந்து வாயை அடைப்பார்கள். செங்கல் கனத்துக்கு ஒரு துண்டு, மேலே இரண்டு உருண்டை ஐஸ்கிரீம். “இது கடையோட உபசாரம், கண்ணு,” என்று என் முன்னால் வைத்தாள்.

ஹார்லன் கையை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முள்கரண்டியால் நுனியை வெட்டி வாயில் வைத்தான். மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். இன்னொரு வாய் வைத்தான். அப்போதும் என்னைத்தான் பார்த்தான். நேற்றாக இருந்தால் கரண்டியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

பாதி தீர்ந்ததும், “தடுக்க மாட்டியா?” என்று கேட்டான்.

அவன் ஓரத்து மாவுவரை தின்று முடித்தான். தட்டில் ஒட்டியிருந்த பாகை விரலால் வழித்து நக்கினான். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.