ஒன்றரை அடிப் பள்ளம்

கேபிள்காரர் வந்ததும் வராததுமாகக் கேட்ட முதல் கேள்வியே, தையல்காரம்மா இத்தனை நாளாகக் கேட்கப் பயந்த கேள்வி. வீட்டுச் சுவரிலிருந்து கொல்லைக் கோடி அறைவரை புல்மேல் கிடந்த இரண்டு வயர்களையும் காலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "இது கொஞ்ச நாளைக்கா, இல்ல நிரந்தரமாவா?" என்று கேட்டார். கொஞ்ச நாளைக்கு என்றால் மண்வெட்டியால் ஒரு கீறல் கீறி, நாலு விரல் ஆழத்தில் செருகிவிட்டுப் போய்விடலாம், ஒரு மணி நேர வேலை. நிரந்தரம் என்றால் ஒன்றரை அடி தோண்டி, குழாய் பதித்து, அதற்குள் புது வயர் இழுக்க வேண்டும். சாயங்காலம் ஆகிவிடும்.

அவரைக் கேளுங்க என்றாள் தையல்காரம்மா. அவர் என்றது அவள் புருஷனை. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர். கோடி அறை வாசலில் நின்றுகொண்டு, அவளைக் கேளுங்க என்றார் அவர். கேபிள்காரர் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக இரண்டு நடை நடந்தார். கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ள ஆள். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, அதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டுட்டு வந்துடறேன் என்றார். கடைசியில் டிரைவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிரந்தரமாகவே போட்டுவிடச் சொன்னார். போன் செய்து ஆளை வரவழைத்ததும் அவர்தான். தையல்காரம்மா உள்ளே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். போன வருடம் டிரைவருக்கு நுரையீரலில் தொற்று வந்தது. இருமினால் தெருமுனை வரை கேட்கும். தெருப்பிள்ளைகள் அவருக்கு 'ஹாரன்' என்று பேர் வைத்ததும் அப்போதுதான். இரண்டு மாதம் தனி அறையில், ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கட்டும் என்றார் டாக்டர். தட்டுமுட்டுச் சாமான் போட்டிருந்த கோடி அறையை ஒழித்துக் கட்டில் போட்டார்கள். ஒண்டியாகக் கிடக்கிற மனுஷனுக்குப் பொழுது போக வேண்டாமா என்று டிவிக்கு ஒரு தடித்த கேபிள் இழுத்தார்கள். வைஃபை அவ்வளவு தூரம் எட்டவில்லை, அதனால் இணையத்துக்கு ஒரு நெட்வொர்க் கேபிளும் கூடவே போயிற்று. இரண்டும் புல்மேல் அப்படியே கிடந்தன. இரண்டே மாதம்தானே என்று யாரும் புதைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் நோய் போய்விட்டது. டிரைவர்தான் திரும்பி வரவில்லை. முதலில், எதற்கும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார். பிறகு, இருமல் சுத்தமாக நிற்கட்டும், உன் தூக்கம் ஏன் கெட வேண்டும் என்றார். அதற்கப்புறம் அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம் கழித்து, புருஷனைப் பார்த்து உள்ளே வந்து படுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லி அவர் வராவிட்டால் அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? மிஷின் சத்தம் காதைத் துளைக்கிறது என்று காலமெல்லாம் முணுமுணுத்த மனிதர், இப்போது நிம்மதியாக மேட்ச் பார்க்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வெளியூரிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிடுவாள். திரையில் அம்மா ஒரு கட்டத்தில், அப்பா ஒரு கட்டத்தில். ஒரே வீட்டுல இருக்கற ரெண்டு பேரைப் பாக்க நான் ரெண்டு நம்பரக் கூப்பிட வேண்டியிருக்கு என்று மகள் சிரிப்பாள். இவர்களும் சிரிப்பார்கள். அப்படியே பத்து மாதம் ஓடிவிட்டது.

போன வாரம் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு போகும்போது அந்த வயர் காலில் மாட்டி, தையல்காரம்மா குப்புற விழுந்தாள். கிளாஸ் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கால் நன்றாகச் சிராய்த்துவிட்டது. டிரைவர் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்து மருந்து போட்டார். அவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. இனிமேலாவது வருவார் என்று அவள் மனம் குதித்தது. மறுநாள் காலை அவர் கேபிள்காரருக்குப் போன் செய்தார். சிராய்ப்பைவிட அது அதிகமாக வலித்தது.

வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேபிள்காரர் தொழிலில் கறார். தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று கேட்டு அதற்கு விலகித் தோண்டினார். திருப்பங்களில் மடக்கிப் போட்டால் வயர் உள்ளே நகராது என்று வளைந்த குழாயாகப் பார்த்துப் போட்டார். டிரைவர் சும்மா இராமல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு கூடவே நின்றார். எவ்வளவு அக்கறை பாரேன், குடி போகிறவருக்கு, என்று தையல்காரம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. ஜாக்கெட்டின் வலது கையை இடது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்தாள். மறுபடியும் அதையே செய்தாள்.

குழாய் பதித்து முடித்ததும் கேபிள்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "இனிமே முப்பது வருஷத்துக்கு இதத் தொடவே வேண்டாம் சார்" என்றார் பெருமையாக. ஜன்னல் வழியாக அது அவள் காதில் விழுந்தது. டிரைவருக்கு அறுபத்து நாலு வயது. முப்பதைக் கூட்டினால் என்ன வருகிறது என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு துணியைக் கீழே வைத்தாள்.

வயரை இழுப்பதுதான் பாக்கி. கேபிள்காரர் கோடி அறைப் பக்கம் உட்கார்ந்து வயரைக் குழாய்க்குள் தள்ளுவது, வயர் முனையில் கட்டி இந்தப் பக்கம் விட்டிருந்த கயிற்றை டிரைவர் இழுப்பது என்று ஏற்பாடு. குழாயின் இந்த முனை சரியாகத் தையல் மிஷின் ஜன்னலுக்குக் கீழே வந்திருந்தது. டிரைவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"முப்பது வருஷம் அங்கேயே இருக்கப் போறீங்களா?" என்றாள் தையல்காரம்மா, ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து.

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ விழுந்துட்டியே. அதான் புதைக்கச் சொன்னேன்."

"நான் எதுக்கு விழுந்தேன்? உங்களுக்கு டீ கொண்டு வந்துதானே விழுந்தேன். டீ குடிக்கற ஆளு வீட்டுக்குள்ள இருந்தா நான் எதுக்குப் புல்லுல நடக்கறேன்?"

அவர் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். "நீ கூப்பிடவே இல்லையே" என்றார்.

"சொந்த வீட்டுக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?"

"எனக்கு இன்னும் இருமல் முழுசா விடல. விடியக்காலைல ரெண்டு தடவையாவது வருது. நீயாவது நிம்மதியாத் தூங்கறேன்னு நெனச்சேன்."

"ரெண்டு இல்ல, மூணு. தினமும் சமையலறை ஜன்னலத் திறந்து வெச்சு எண்ணறேன். மூணாவது கேட்டப்புறம்தான் அடுப்பையே பத்த வைக்கறேன். ஒரு நாள் ரெண்டோட நின்னுடுச்சுன்னு செருப்புகூடப் போடாம உங்க வாசல் வரைக்கும் ஓடி வந்தேன். நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்க."

டிரைவர் எழுந்து ஜன்னலுக்கு நேராக நின்றார். கையில் சேறு, கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. கோடியிலிருந்து கேபிள்காரர், இழுங்க சார், தள்ளிட்டேன் என்று கத்தினார். வயர் ஒரு அங்குலமும் நகரவில்லை.

"கட்டில்ல என் பக்கம் இன்னும் காலியா இருக்கா?" என்று கேட்டார் டிரைவர்.

"இல்ல" என்றாள். "தைக்க வந்த துணியெல்லாம் அங்கதான் குவிச்சு வெச்சிருக்கேன்."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் கயிற்றைப் பிடிக்கக் குனிந்தார்.

"காலியா பாக்க முடியல," என்றாள் அவள். "அதான்."

டிரைவர் கயிற்றை விட்டுவிட்டு, சேற்றுக் கையோடு வாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். கேபிள்காரர் இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருந்தார்.