ஓட்டுக்கு அடியில் பெய்த மழை

...எங்கிருந்து ஆரம்பிப்பது, ஓட்டைச் சொல்வதா மழையைச் சொல்வதா, பஸ் புளியங்குடியை விட்டுக் கிளம்பிவிட்டது, சங்கரன்கோவிலில் இறங்கிப் போனால் உச்சிமாகாளி வாசலிலேயே பாத்தீரா வே என்று கேட்பான், அவனுக்குக் கண்ணில் புரை விழுந்து எதிரே நிற்பவன் முகம்கூடத் தெரியாது, காது மட்டும் சுத்தம்... யுத்தத்தில் கலைந்துபோன நாடகக் கம்பெனிக்கு அவன் தூரிகையால் எழுதிய மழைப் படுதா, மேடைப் பின்திரை, அப்படி ஒன்றை இந்தச் சீமையில் வேறு யார் எழுதினான், அது அவிழ்ந்து இறங்கியதும் முன்வரிசை முழுக்கக் குடை விரித்தது, தாசில்தாருக்குச் சளி பிடித்துக் கஷாயம் குடித்தார், இதை ஊர் முழுக்கச் சொல்லிவைத்தவன் நான்தான். போன மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏன் வே, உம்ம புளுகெல்லாம் கிடக்கட்டும், நெசமாவே அது நல்லா இருந்துச்சா? நான் எழுதுனதுல ஒண்ணாவது தேறுமா?" சிரிக்கவில்லை அவன். அந்தப் படுதாவைக் கண்ணால் பார்த்துச் சொல்லத்தானே கம்பெனிச் சாமான்களை ஏலத்தில் எடுத்தவர்களைத் தேடி இந்த அலைச்சல்...

கடைசியில் எலுமிச்சை வியாபாரி சேக் மைதீன் காய் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் கிடைத்தது. துணி கெட்டியாக இருக்கிறதே என்று வாங்கி, ஓட்டுத் தூசி காயில் விழாதபடி உள்ளே விதானமாகக் கட்டச் சொல்லியிருக்கிறார், விரித்துப் பார்த்ததுகூடக் கிடையாதாம். "மேல பாக்காதிய அண்ணாச்சி, வெக்கக்கேடு, ரெண்டு தடவ ஓடு மாத்திட்டேன், கொத்தனாரையும் மாத்திட்டேன், ஒழுக்கு நிக்க மாட்டேங்கு." காய்கிற சித்திரையில் கீழே வரிசையாக வாளி வைத்திருந்தார். வாளியில் தண்ணீர் எங்கே என்றேன். "வந்து விழுததுக்குள்ள வெக்கையில காஞ்சிருது." அண்ணாந்தேன். சாம்பல் மேகம், கோடு கோடாய் இறங்கும் நீர், ஒவ்வொரு துளியின் வயிற்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம், எப்படி வே எழுதினீர் உச்சிமாகாளி, எந்த மழையில் நின்று பார்த்தீர்... ஏணி போட்டு ஏறித் தொட்டேன், விரல் நனையவில்லை, தெரிந்தும் வேட்டியில் துடைத்துக்கொண்டேன். இது படம் மைதீன் என்றேன். "போங்க அண்ணாச்சி, உங்களுக்கு எப்பவும் வெளையாட்டு."

ஆக, என் ஆயுளில் ஒரு தடவை உண்மையைக் கொண்டுபோகிறேன், அதுவும் என் புளுகு மாதிரியே இருக்கிறது. மைதீனையே கூட்டிக்கொண்டு போயிருந்தால்? சொல்லிக்கொடுத்துக் கூட்டியாந்தீராக்கும் என்பான். வாளியை விட்டுவிடலாமா, ஓடு மாற்றியதை ஒரு தடவையாக்கலாமா, ஏணியும் வேண்டாம், வேட்டியும் வேண்டாம்... நல்லாத்தான் இருக்கு வே என்று மட்டும் சொன்னால் நம்பிவிடுவான், நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் அவ்வளவு குறைத்துச் சொன்னால் அது பொய்யாயிற்றே...