எரியுதாடி?

"வேணாம் மதினி. அத மட்டும் மாட்டாதீக" என்றார் ஸ்டீபன்ராஜ்.

ஜெயமேரியின் அக்கா ஆரோக்கியம்மாள் வெள்ளைச் சாக்ஸை விரித்துப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். முன்னறையில் அவர் மனைவி ஜெயமேரியின் உடலைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பட்டுச் சேலை கட்டி, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றியாகிவிட்டது. கால் மட்டும்தான் பாக்கி.

"புண்ணு அப்பிடியே தெரியுது தம்பி. சனம் பாக்கும்ல?"

"இருவத்திரெண்டு வருசமா அவ கால்ல ஒரு துணி பட்டதில்ல. பனிக்காலத்துலகூடப் போர்வைய முழங்காலோட நிறுத்திக்குவா."

"தெரியும். எங்கய்யாவும் அப்பிடித்தான். வாய்க்கால் தண்ணியில நின்னுக்கிட்டேதான் கஞ்சி குடிப்பாரு." ஆரோக்கியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "இனிமே அவளுக்கு எரியாது தம்பி."

ஸ்டீபன்ராஜ் திரும்பிக்கொண்டார். அவள் இரண்டு சாக்ஸையும் மாட்டி முடிக்கும்வரை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயமேரி சர்ச் நடத்தும் பங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். மேசைக்கடியில் தண்ணீர் பேசின் வைத்து, அதில் காலை விட்டுக்கொண்டுதான் பாடம் நடத்துவாள். பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பெற்றோர்கள் வந்து கேட்டார்கள். அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். பித்தம் என்றார்கள், மனவியாதி என்றார்கள். பழனி வண்டியில் கண்டக்டராக இருந்த ஸ்டீபன்ராஜ், டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் மீன் கடையில் ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார்.

போன வருடம்தான் மதுரையில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். எட்டு மாதம் கழித்து லெட்டர் வந்தது.

"நரம்புல உப்பு போய் வர்ற சின்னச் சின்னக் கதவுக இருக்கு சார்" என்றார் டாக்டர். "இவங்களுக்கு அந்தக் கதவு சரியா மூடல. லேசா சூடு பட்டாலே தெறந்துக்கிட்டு, நெருப்புப் பட்ட மாதிரி மூளைக்குத் தகவல் போகுது. மனசுல ஒண்ணும் இல்ல. பிறவியிலயே இருக்கறது."

"மருந்து?"

"வலிப்புக்குக் குடுக்குற மாத்திரை சிலபேருக்குக் கேக்குது. இவங்களுக்குக் கேக்கல."

ஜெயமேரி தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "பிள்ளைக்கு வருமா சார்?" என்றாள்.

"வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி."

அதற்கு முன்பே அவளுக்குச் சந்தேகம் உண்டு. ரூபி எட்டாவது படித்த நாளிலிருந்து, சாயங்காலம் மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெயமேரி கேட்பாள்: "கால் எரியுதாடி?"

"இல்லம்மா."

ரூபிக்கு இப்போது பத்தொன்பது வயது. காலேஜ் இரண்டாம் வருடம் போகிறாள். ஒருநாள்கூட அந்தக் கேள்வி நின்றதில்லை. ஒருநாள்கூடப் பதில் மாறியதுமில்லை.

ஓயாமல் ஐஸ் தண்ணீரில் ஊறிய பாதங்கள் வெடித்துப் புண்ணாகி, சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாய் குழறுவதற்கு முன்னால், அவள் கடைசியாகச் சொன்னது: "ரூபிக்கு இல்லங்க. நம்ம பிள்ளைய ஆண்டவர் தப்ப விட்டுட்டாரு. அது போதும்."

அது போதும் என்றுதான் ஸ்டீபன்ராஜும் நினைத்திருந்தார்.

பதினோரு மணிக்குக் கோயிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் ஆகும்போது உச்சி வெயில். சாமியார் ஜெபித்து முடித்ததும் ஆளுக்கொரு கை மண் போட்டார்கள். ரூபி அழவில்லை. உதட்டைக் கடித்தபடி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பிள்ளைக்கு அதிர்ச்சி என்று ஸ்டீபன்ராஜ் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பிச் சொந்தக்காரர்கள் பந்தலில் சாப்பிட உட்கார்ந்தபோது அவளைக் காணவில்லை. பின்னறைக் கதவைத் தள்ளினார். ரூபி தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு பாதங்களையும் உயர்த்திச் சுவரில் அழுத்தி வைத்திருந்தாள். கணுக்காலுக்குக் கீழே, கோடு போட்ட மாதிரி, ஒரே சிவப்பு.

அந்தச் சிவப்பு அவருக்குத் தெரியும்.

அவள் காலை இறக்கப் பார்த்தாள். பிறகு இறக்காமலே விட்டுவிட்டாள்.

"எப்பருந்து?"

"ஒம்பதாவதுலருந்து."

"தெனம் கேட்டாளே ஒன்ட்ட."

"அதான்ப்பா சொல்லல."

அவர் சுவரோரமாக உட்கார்ந்தார். வெளியே யாரோ ரசம் கேட்டார்கள்.

"பள்ளிக்கூடம் விட்டதும் கோயிலுக்குள்ள போயி உக்காந்துருவேன். கல்லுத் தரை, சில்லுனு இருக்கும். செவப்பு எறங்குனப்புறம் வீட்டுக்கு வருவேன். எங்க ரூபிக்கு எம்புட்டு பக்தின்னு அம்மா எல்லார்ட்டயும் சொல்லும்."

"டாக்டர்ட்ட…" என்று ஆரம்பித்தார்.

"அந்த லெட்டர நானும் படிச்சிட்டேன்ப்பா."

அவர் எழுந்தார். அலமாரி மேலிருந்த டேபிள் ஃபேனை இறக்கித் தரையில் வைத்து, அவள் காலுக்கு நேராகத் திருப்பினார். சுவிட்சைப் போட்டார். சுற்றவில்லை.

"கரண்ட் மூணு மணிக்குத்தான்ப்பா வரும்."

"வரட்டும்" என்றார். சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல் அங்கேயே நின்றார்.