பெட்டி தூக்க ஆறு பேர்

தொலைபேசியில் சண்முகநாதன் "வாங்கோ" என்று சொன்னதுதான் அன்புராசாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஊரில் அந்த வீட்டார் அவனுடைய தகப்பனைக்கூட "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

"அப்பா மோசம் போட்டார், அன்புராசா. நாளைக்குச் செத்தவீடு, கட்டாயம் வாங்கோ. கொஞ்சம் வெள்ளென வந்தால் நல்லம்."

"வெள்ளென என்னத்துக்காம்?" என்றாள் மனைவி தவமணி. எண்பத்தைந்திலிருந்து கனடாவில், டோர்செட் பார்க்கில் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தும், அவர்கள் ஒரு தேத்தண்ணிக்குக் கூப்பிட்டதில்லை.

அன்புராசாவின் பாட்டன் அந்த வீட்டுக் காணியில் குடியிருந்தவர். அதற்காக அவர்களுடைய வயலைக் கொத்தினார், விறகு பிளந்தார், செத்தவர்களின் பாடையைக் காவினார். தகப்பன் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் காணியை விட்டு வெளியேறினார். அதன்பிறகும் செத்த வீடென்று ஆள் வந்தால் போனார். ஒருமுறை காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் நின்றுகொண்டார். அடுத்தமுறை காரணமே சொல்லவில்லை.

மறுநாள் ஈமச்சடங்கு மண்டபத்துக்கு அன்புராசா வேண்டுமென்றே பிந்திப் போனான். சண்முகநாதன் அவனை முழங்கையில் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனான்.

"பெட்டி தூக்க ஆள் வேணும். உங்கடை ஆக்கள் தூக்கினால்தான் அப்பாவின்ரை மனம் ஆறும்."

"நீங்களும் தூக்குவியளோ, அண்ணை?" அந்த வீட்டில் ஒருவரையும் அவன் அண்ணை என்று அழைத்ததில்லை.

"எங்களிலை தூக்கிற வழக்கமில்லையே."

"அப்ப நானும் தூக்கேல்லை."

போய் உறவினருக்கான இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தான். ஒருவரும் எழுப்பவில்லை. தேவைக்காகப் பொறுக்கிறார்களோ என்று அதுவும் அவனுக்கு உறுத்தியது.

கிரியை முடிந்ததும் கறுப்புக் கோட்டுப் போட்ட மண்டபத்து வெள்ளைக்காரர் முன்னால் வந்து, பெட்டி தூக்க மிக நெருங்கிய உறவினர் ஆறு பேர் வரவேண்டும் என்றார். சபை அசையவில்லை. அவர் மகனைப் பார்த்து, மரியாதையாகக் கையை நீட்டினார். சண்முகநாதன் வேட்டியை இறுக்கிக்கொண்டு போய் முன் கைப்பிடியைப் பிடித்தான். மருமக்கள் நாலு பேர் எழும்பினார்கள். ஒரு கைப்பிடி மிஞ்சியது.

சண்முகநாதன் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அன்புராசா எழும்பியிருக்கமாட்டான். தானாகவே எழும்பிப் போய்ப் பிடித்தான்.

வீட்டில் அவன் கோட்டைக் கழற்றுமுன்பே தவமணி கேட்டாள்.

"தூக்கினனீங்களோ?"

"ஓம். அவரும் தூக்கினவர்."

"ஆர் முதல் பிடிச்சது?"

"அவர். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தவர், கூப்பிடேல்லை."

"வேணுமெண்டுதான் கூப்பிடாமல் விட்டாரோ தெரியாது."

பஸ்ஸில் வரும்போதே அந்த எண்ணம் அவனுக்கும் வந்திருந்தது.

"இருக்கலாம்," என்றான். "ஆனால் பெட்டி சரியான பாரம். மூச்செடுக்க வழியிலை நிண்டவர். நானும் அவரோடை நிண்டனான்."