ஹருகோவுக்கு அப்பா படம் வேண்டாம்

1

நான் ஜப்பானுக்குப் போனதில்லை. இந்தக் கதையின் நாயகி ஹருகோ மினாசே ஜப்பானிய அரசியல்வாதி. தாத்தா மந்திரி, அப்பா எம்.பி. மூவரும் என் கற்பனை. நான் எழுத உட்கார்ந்தது தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எங்கள் ஆரியசாலைக் கடைத்தெருவின் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி நயினார் அண்ணாச்சியின் மகள் ஸ்வப்னாவைப் பற்றி. அண்ணாச்சி முன்னாள் கவுன்சிலர். இந்த முறை வார்டு பெண்களுக்குப் போனதால் மகள் நிற்கிறாள். நான் எழுதுவதையெல்லாம் அண்ணாச்சி வாசிப்பார். அதனால் அவர்களைக் குடும்பத்தோடு ஜப்பானுக்கு அனுப்பிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: பனி பெய்துகொண்டிருந்த டோக்கியோவில், கிமோனோ உடுத்திய ஹருகோ —

(வேண்டாம். இது காலண்டர் படம்.)

இரண்டாவது: வெள்ளைக் கையுறை* போட்ட ஹருகோ பிரசார வண்டியிலிருந்து கையசைத்தாள். ஒலிபெருக்கியோ அப்பாவின் பெயரையே கூவியது. தாத்தாவின் ஆதரவாளர் சங்கம் அப்பாவுக்கு வந்து, இப்போது சுவரொட்டிகளோடு அவளுக்கு வந்திருந்தது. சுவரொட்டியில் அப்பாவின் முகம் பெரிது. "அப்பா படத்தை எடுத்துவிடுங்கள்" என்றாள். அப்பா மினாசே கல்லாப்பெட்டியைத் தட்டி, "எடே, கணக்கப்பிள்ளை —"

* இது மட்டும் நிஜம். அங்கே வேட்பாளர்கள் பலர் போடுகிறார்கள்.

3

ஸ்வப்னாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் அப்பாவிடம் கொடுத்தாள். அண்ணாச்சி கடைக்குக் கூப்பிட்டார்.

"ஏன்டே, ஜப்பான்காரன் கணக்கப்பிள்ளைய எடேன்னா கூப்பிடுதான்?"

"அது மொழிபெயர்ப்பு அண்ணாச்சி."

"எம்.பி.க்கு எதுக்குடே கல்லாப்பெட்டி?"

அண்ணாச்சியின் முகம் பெரிதாக அச்சடித்த நோட்டீஸ் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஸ்வப்னா சிரித்தாள். "அப்பா, அது நீங்கதன்னே."

"தெரியும் பிள்ளே. என் படம் இல்லாம உன்னை யாருக்குத் தெரியும்?"

"நான் வீடுவீடா போய்ச் சொல்லுதேன். தோத்தாலும் சாரமில்லை, போகட்டும். நான் தோத்ததா இருக்கணும்."

அண்ணாச்சி ஒரு வத்தலைக் கிள்ளி மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அந்த மினாசே கடைசியில என்ன செய்யான்?"

"இன்னும் எழுதலை."

"வில்லனாக்கிராதே. அவனும் நாலு படி ஏறி ஓட்டுக் கேக்கட்டும். மக பேரை மட்டும் சொல்லி."

"நீங்க யாருன்னு கேட்டா?"

"கட்சிக்காரன்னு சொல்லட்டும்."

4

எழுதினேன். எந்த அப்பா இப்படிச் செய்வார் என்று தோன்றியது, அடித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பாத்திரக்கடை பூதலிங்கத்தின் முன்னால் அண்ணாச்சி நின்றிருந்தார். கையில் புது நோட்டீஸ். அதில் ஸ்வப்னாவின் முகம் மட்டும்.

"நம்ம பிள்ளைக்கு ஓட்டுப் போடாம இருப்பனாவே?" என்றார் பூதலிங்கம்.

"யாரு பிள்ளை? வார்டுக்கு என்ன செய்வாள்னு இதுல இருக்கு. வாசிச்சுட்டுப் போடும்."

"அப்போ நீரு யாரு?"

"கட்சிக்காரன்."

"கட்சிக்காரனுக்கு இங்க சாயா கிடையாது. அண்ணாச்சிக்குத்தான்."

"வேண்டாம்வே" என்று அண்ணாச்சி அடுத்த கடைக்கு ஏறினார்.

அடித்த வரிகளை அப்படியே திரும்ப எழுதினேன்.

5

இங்கே வாக்கு எண்ணிக்கை நாளைக்கு. ஜப்பானில் எப்போது என்று நான் தீர்மானிக்கவில்லை. ஹருகோ ஜெயிக்கும் முடிவு ஒன்று வைத்திருக்கிறேன், தோற்கும் முடிவு ஒன்று. இரண்டும் எனக்குப் பிடித்திருப்பதால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். எண்ணும் இடத்தின் வாசலில் கட்சிக்காரர் மினாசே வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். அவள் ஜெயித்தால் "என் மகள்" என்று சொல்லிவிடுவார். தோற்றால் இன்னும் சத்தமாகச் சொல்வார்.