கட்டத்துக்குள் அடங்காத கடல்

வேதாந்தம் மாமா விசிலை ஊதியதும் வடக்கு மாட வீதியில் குனிந்த முதுகுகளை எண்ணினால், மயிலாப்பூரின் மொத்த ஜனத்தொகையை விட இரண்டு மடங்கு தேறும். மார்கழிக் கோலப் போட்டி. தார் ரோட்டைச் சாக்பீஸால் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பெண்மணியை உட்கார வைத்திருந்தார் மாமா. கிழக்குக் கோடியில், தலைமை விருந்தினரின் நாற்காலிக்கு நேர் எதிர்க் கட்டத்தில், பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த தேவானை ஒரு மூட்டை நீலக் கோலப்பொடியோடு உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்துக்காகவே கோயில் கதவு திறக்கும் முன்பே வந்து பெயர் கொடுத்தவள்.

"ஏம்மா, நோக்குக் கோலப்புள்ளி வைக்கத் தெரியுமோ?" என்றார் மாமா.

"வலைக்குக் கண்ணு கண்ணா முடியறவ நானு. புள்ளி இன்னா சாமி, பிச்சிக்கினு போவும்."

போன ஐப்பசியில் கடல் குப்பத்தின் முதல் வரிசையைத் தின்றுவிட்டது. தேவானையின் வீட்டில் அடுப்பு, அடுப்பின் மேல் சட்டி, சட்டிக்குள் குழம்பு, மூன்றையும் ஒரே வாயில் அள்ளிக்கொண்டு போனது. அன்று முதல் அந்தப் பக்கத்து வஞ்சிரம் பிடிக்கும்போதே புளியும் மிளகாயும் மணக்கிறது என்று அவள் புருஷன் ரகுபதி சத்தியம் செய்வான். கரையில் கல் கொட்டினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். கொட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியவர் வெங்கடரமணன் என்ற அதிகாரி. அவருடைய அறை வாசலில் தேவானை காத்திருந்த காலத்தில் ஒரு தென்னை நட்டிருந்தால் காய்த்திருக்கும். கடைசியில் அவர் சுவரிலிருந்த மேப்பைக் காட்டி, "கடல் எங்கம்மா ஏறுது? அப்படியேதானே இருக்கு? பயமா இருந்தா ஊருக்கு வெளியில வீடு தர்றோம், போங்க" என்றார்.

"கடலே இல்லாத ஊர்ல போயி தண்ணித் தொட்டியில வலை போடவா சார்? பயம்னு யாரு சொன்னா? கல்லு கேட்டோம். ஒரு நடை வந்து பாரு சார்."

அவர் வரவில்லை. அடுத்த மழைக்குள் கல் விழாவிட்டால் மிச்சமிருக்கும் ஒற்றை அறையும் அவளுக்கு இல்லை. அப்போதுதான் மாட வீதிச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள்: கோலப் போட்டி, தலைமை விருந்தினர் திரு. வெங்கடரமணன்.

தேவானை முதலில் வெள்ளைப் பொடியில் வீடுகளை வரைந்தாள். கதவு, கூரை, கொடியில் காயும் லுங்கி, எல்லாம் நூல் பிடித்தாற்போல. பிறகு நீலத்தை அள்ளி ஒவ்வொன்றாக மூடினாள். மூடும்போது குரல் கொடுத்தாள்.

"இது வெள்ளைச்சாமி வூடு. போச்சு. இது கயலு வூடு. போச்சு. இது என் அடுப்பு."

வீடுகள் தீர்ந்தன. அலை தீரவில்லை. சாக்பீஸ் கோட்டைத் தாண்டியது.

"அம்மா, கட்டம், கட்டம்!" வேதாந்தம் மாமா ஊதிய ஊதலில் விசிலுக்குள் இருந்த கொட்டை வெளியே வந்து விழுந்திருக்கும். "கோட்டுக்குள்ளதான் போடணும், அதான் ரூல்!"

"நானும் அத்தத்தான் சொன்னேன் சாமி. கேக்க மாட்டேங்குது. நீ படிச்சவரு, நீ வந்து கடலாண்ட சொல்லு."

வீதியே சிரித்தது. பக்கத்துக் கட்டத்தில் தோகை விரித்த மயிலோடு இருந்த ஹம்சினி தலை நிமிர்ந்தாள். பரிசு அவளுக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். அலை அவள் மயிலின் காலருகே வந்து நின்றது. ஒரு நிமிஷம் மயிலையே பார்த்தாள். அப்புறம் தன் கட்டத்தின் கோட்டைப் புறங்கையால் அழித்தாள்.

"வரட்டும். எங்காத்து நீலத்தையும் எடுத்துக்கோ."

"என்னடீ இது, ஹம்சினி!" என்றார் மாமா.

"கடல் வந்தா மயிலுக்கு மட்டும் தனி ரூலா மாமா?"

அதன்பின் எந்தக் கட்டத்திலிருந்து யார் பொடி கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீலம் இரண்டாகப் பிரிந்து ஓடி, வெங்கடரமணனின் நாற்காலியைப் பின்பக்கமாகச் சுற்றி வளைத்து மூடிக்கொண்டது. அவர் அவசரமாக எழுந்து பளபளக்கும் ஷூவை முன்னே நீட்டினார்.

"ஏன்னா, மிதிச்சுடாதீங்கோ! கோலம்!" முதல் வரிசையிலிருந்த அவர் மனைவி சீதா போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் பாதி அடையாறுக்குப் போய்விட்டன.

கால் அந்தரத்தில் நின்றது. மயிலாப்பூரில், மார்கழியில், இத்தனை மாமிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஷூக்காலால் கோலத்தை மிதித்த அதிகாரி இதுவரை பிறக்கவில்லை. அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கால்களையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, அராஜகம்!" அவசரத்தில் அவருக்கே மெட்ராஸ் பாஷை வந்துவிட்டது.

"கோட்டை மீறி வந்துச்சுன்னா எப்டி இருக்குன்னு பாரு சார். உன்னுது கலருப்பொடி. நனையாது."

தேவானை நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, ஒரு பாதம் வைக்கும் அகலத்துக்கு நீலத்தை மட்டும் கவனமாகத் துடைத்தாள். கறுப்புத் தார் ஒற்றையடிப் பாதையாகத் தெரிந்தது. அவருடைய கார் நின்றது மேற்கே. பாதை கிழக்கே திரும்பியது.

"அதுல நடந்து வா. நேரா எங்க குப்பத்துக்குத்தான் போவுது."

"நான் வரலேன்னா?"

"வராட்டி குந்தியிரு. எனக்கு இன்னா அவசரம்? பொடி இன்னும் கீது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாதையின் இரு பக்கமும் அலையை இழுத்துக்கொண்டே குனிந்தபடி நகர்ந்தாள். அவள் பின்னால் ஹம்சினி, ஹம்சினிக்குப் பின்னால் முந்தானையில் பொடி அள்ளிய பெண்கள். நீலம் வீதி முனையைத் தாண்டி சாந்தோம் பக்கம் திரும்பியது. நடுக்கடலில் ஒரு நாற்காலி. அதன் மேல், இரண்டு ஷூவையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வெறுங்காலை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார் வெங்கடரமணன்.